ஷெரின் பெயரில் ஒரு சாயல்

இசக்கியின் சாயல் போன இடத்திலிருந்தெல்லாம் திரும்பி வந்தது. சென்னைக்குப் போய்விட்டு வந்தது, பெங்களூருக்குப் போய்விட்டு வந்தது. கோயம்புத்தூரில் தண்ணீர் மோட்டார் செய்கிற ஒரு கம்பெனிகூட மறுநாளே 'நன்றி, தேவையில்லை' என்று அனுப்பிவைத்துவிட்டது. இத்தனைக்கும் இசக்கி வகுப்பில் முதலாவது. மூன்று வருடமாக அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள். கடைசி பெஞ்சில் தூங்கி வழிந்தவர்களின் சாயல்களெல்லாம் இன்டர்ன்ஷிப் வாங்கிவிட, இவளுடையது மட்டும் முகவரி தப்பிய கூரியர் போலத் தூத்துக்குடிக் கல்லூரிக்கே வந்து விழுந்துகொண்டிருந்தது.

சாயல் என்றால் என்னவென்று இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். இருந்தாலும் வேலைவாய்ப்பு அலுவலர் ஞானதுரை சார் ஒவ்வொரு வருடமும் மூன்றாம் ஆண்டு மாணவர்களை அரங்கத்தில் உட்காரவைத்து அதை விளக்குவார். அவருக்கு மைக் என்றால் உயிர்.

"கம்பெனிக்காரனுக்கு ஒங்க மூஞ்சியப் பாத்து, கேள்வி கேட்டு, நீங்க எச்சி முழுங்குறத வேடிக்கை பாக்க நேரமில்ல, கேட்டியளா? மொத வருஷத்துலேருந்து ஒங்க லாகின்ல நீங்க என்னத்தத் தட்டுனிய, என்னத்த அழிச்சிய, எந்த இடத்துல முழிச்சிய, எல்லாம் காலேஜ் கம்ப்யூட்டர்ல கெடக்கு. அத வச்சு ஒரு சாயல் செய்வாவ. அச்சு அசலா ஒங்களப் போலவே யோசிக்கும். அது கம்பெனிக்குப் போயி வேல பாத்துக் காட்டும். பிடிச்சிருந்தா ஒங்களக் கூப்பிடுவாவ. சிபாரிசு கெடையாது, இங்கிலீசு வராதேங்குற பயம் கெடையாது. இதவிட நியாயமா ஒரு ஏற்பாடு உண்டா?"

எல்லோரும் கை தட்டினார்கள். இங்கிலீஷில் நேர்முகத் தேர்வு என்றாலே ஓடி ஒளியும் இசக்கிதான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள்.

மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் இன்டர்ன்ஷிப் கிடைக்காவிட்டால் பட்டம் இல்லை. அது பல்கலைக்கழகத்தின் விதி. கயத்தாறில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்கும் அவளுடைய அம்மாவுக்குப் பல்கலைக்கழகத்தைத் தெரியாது, விதியைத் தெரியும். தினமும் சாயங்காலம் போன் செய்வாள். எடுத்ததும் "எங்கட்டி இருக்க?" என்பாள். விடுதி என்றோ லேப் என்றோ பதில் வந்தால்தான் அடுத்த பேச்சுக்கே போவாள். மகள் எங்கே இருக்கிறாள் என்பது தெரியாமல் மகளோடு பேசுவது அவளுக்கு ஆகாது.

"கெடச்சிட்டா?"

"இன்னும் இல்லம்மா."

"டீக்கடைக்காரர் மவனுக்கே கெடச்சிட்டாமே. நான் தெருவெல்லாம் சொல்லி வச்சிருக்கேன், ஒனக்குத்தான் மொதல்ல கெடைக்கும்னு. நீ படிச்ச படிப்புக்கு..."

படித்த படிப்பைப் பற்றி அம்மா பேச ஆரம்பித்தால் இசக்கி 'சார்ஜ் இல்லம்மா' என்று வைத்துவிடுவாள். வேறு என்ன செய்ய?

அவளுடைய ஒரே சிநேகிதி ஷெரின். மணப்பாட்டுக்காரி, ஹேண்ட்பால் ஆட்டக்காரி. கல்லூரிக்காகத் திருச்சியிலும் சேலத்திலும் ஆடிக் கோப்பை வாங்கிவருவாள். படிப்பு அவளைப் பொறுத்தவரை ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் விடுகிற இடைவேளை. அந்த ஷெரினின் சாயலைத்தான் சென்னையில் உள்ள கார்முகில் நிறுவனம் போட்டிபோட்டு எடுத்துக்கொண்டது. வேறு கம்பெனிகள் இரண்டும் அதைக் கேட்டிருந்தனவாம். செய்தி வந்தபோது ஷெரினே சிரித்துவிட்டாள்.

"அவனுவளுக்கு ஏதோ கிறுக்குப் பிடிச்சிருக்கு. வா, சார்ட்ட போயி என்னன்னு கேப்போம்" என்று இசக்கியையும் இழுத்துக்கொண்டு போனாள்.

ஞானதுரை சார் தன் கணினித் திரையை இருவர் பக்கமும் திருப்பி வைத்தார். முதலில் இசக்கியுடையதை வாசித்தார். ஊருக்கு ஊர் வார்த்தை மாறினாலும் எல்லாக் கம்பெனியும் ஒன்றைத்தான் சொல்லியிருந்தது. "'விடைகள் சரி. ஆனால் யாரோ சொன்னதைத் திருப்பிச் சொல்வது போல இருக்கின்றன. சொந்தமாக யோசித்த தடயம் இல்லை.' எம்மா, இதுல நான் என்ன சொல்லட்டும்?"

இசக்கிக்கு முகம் சுண்டிவிட்டது. சொந்தமாக யோசித்தால் மார்க் போய்விடும் என்று லேப் மேடம் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்திருந்தார். சீனியர்களின் ரெக்கார்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, கமா பிசகாமல் எழுதினால்தான் முழு மார்க். அதைத்தான் அவள் செய்தாள். முதல் இடம் போனால் கட்டணச் சலுகையும் போய்விடும் என்பது அவள் தலைக்கு மேலே எப்போதும் தொங்கிக்கொண்டிருந்தது.

"இப்ப ஷெரினுக்குப் பாருங்க" என்றார் சார். அவர் குரலே மாறிவிட்டது. "'பயப்படாமல் தப்புச் செய்கிறது. செய்த தப்பைத் தானே கண்டுபிடித்துத் தன்னைத்தானே கேலி செய்துகொள்கிறது. குறிப்பாக, ஆட்கள் காத்துநிற்கும் வரிசைக் கணக்குக்குப் பாடத்தில் உள்ள வங்கியை எடுத்துக்கொள்ளாமல் புரோட்டாக் கடையை எடுத்துக்கொண்டதும், பாதியில் சால்னா தீர்ந்துபோனால் வரிசை என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டதும் எங்களை வியக்கவைத்தன.' எம்மா ஷெரின், புரோட்டாக் கடைய வச்சு இவ்வளவு யோசிச்சியா நீ?"

ஷெரின் இசக்கியைப் பார்த்தாள். இசக்கி மேஜையைப் பார்த்தாள்.

அந்தக் கல்லூரியில் இதற்கு ஒரு பெயர்கூடக் கிடையாது, அவ்வளவு சகஜம். பஸ்ஸில் சீட்டுப் போட்டு வைப்பது மாதிரி. லேப்பில் முதலில் முடித்தவர், முடிக்காதவரின் லாகினில் புகுந்து அவர் வேலையையும் முடித்துக்கொடுப்பார். வராதவருக்கு வருகைப் பதிவும் அப்படித்தான். ஷெரின் வெளியூரில் பந்து எறிந்துகொண்டிருந்த நாட்களில் எல்லாம் அவளுடைய லாகினில் வேலை செய்தது இசக்கி. ஷெரினுக்குப் பாஸ் மார்க் போதும். அதனால் அங்கே பயமில்லை. தன் லாகினில் வங்கி வரிசையைப் புத்தகத்தில் இருந்தபடி எழுதி முடித்துவிட்டு, ஷெரினின் லாகினில் போய் மூச்சுவிட்டாள். புதிய வழிகளை முயன்று பார்த்தாள். தப்பானால் 'சவத்த, மறுபடியும் மொதல்லேருந்தா' என்று ஓரத்தில் குறிப்பெழுதி வைத்தாள். புரோட்டாக் கடைக்கு லேப் மேடம் 'பாடத்துக்குப் புறம்பானது' என்று போட்டு, போனால் போகிறது என்று பாஸ் மார்க் கொடுத்தார். அன்றைக்கு இரண்டு பேரும் கேன்டீனில் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இப்போது அதே கேன்டீனில் இரண்டு டீயும் ஆறிக்கொண்டிருந்தன.

"அது நான் இல்லட்டி, நீ" என்றாள் ஷெரின்.

"தெரியும்."

"பின்ன என்ன பேசாம இருக்க? வா, சார்ட்ட சொல்லிருவோம். எனக்கு இந்த எழவு வேணாம். நான் எங்கயாச்சும் பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சராப் போறவ. ஒனக்கு வந்த சோத்த நான் எதுக்குத் திங்கணும்?"

ஷெரினிடம் இசக்கிக்குப் பிடித்ததே இதுதான். கோலுக்கு நேராகப் பந்தை எறிவது போலத்தான் எதையும் பேசுவாள். அந்தத் தைரியத்தில் இசக்கியும் எழுந்தாள்.

ஷெரின் இரண்டு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் ஞானதுரை சார் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். மைக் பிடிக்கிற மனிதருக்குக் குரல் இவ்வளவு தணியும் என்று அன்றுதான் தெரிந்தது.

"நான் எதையும் கேக்கல. நீங்க எதையும் சொல்லல."

"சார், அவளோட சாயல் சார் அது. அவ பேருக்கு மாத்தி..."

"மாத்த முடியாதும்மா. லாகின் யாருதோ அவங்கதான் சொந்தக்காரவ. அதுதான் சட்டம். வேற ஆளு எழுதுனதுன்னு எழுதிக் குடுத்தா, முறைகேடுன்னு ரெண்டு பேரு சாயலையும் அழிச்சிருவாவ. ரெண்டு பேருக்கும் பட்டம் கெடையாது. அதோட நிக்குமா? 'இந்தக் காலேஜ்ல எது யாரு சாயலு'ன்னு தோண்ட ஆரம்பிச்சா..." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எம்மா, இங்க ஒரு பயலுக்கும் அவன் சாயலு அவனோடது இல்ல. எல்லாத்துலயும் எல்லாரும் கலந்து கெடக்கு. அத நோண்டுனா இந்த வருஷம் ஒருத்தன் மிஞ்ச மாட்டான். எல்லாரு வீட்டுலயும் பெத்தவங்க காத்துக்கிட்டிருக்காவ. ஒன் ஒருத்திக்காக நான் என்ன செய்ய? நீயே சொல்லு."

அவர் கெட்டவராக இருந்திருந்தால் இசக்கிக்குச் சுலபமாக இருந்திருக்கும். திட்டிவிட்டாவது வந்திருக்கலாம். அவர் கண் கலங்கி நின்றார்.

"ஒனக்கு ஒரு வழி பண்ணுதேன். மறுசாயல்னு ஒண்ணு இருக்கு. கடைசித் தேதிக்கு முன்ன, புதுசா ஒன் லாகின்ல எழுது. இப்ப எழுதுறதுக்கு மதிப்பு கூட. ஒனக்குத் தோணுனபடி எழுது. ஷெரினுக்கு எழுதுன மாதிரி."

ஷெரின் சென்னைக்குப் போனாள். ரயில் நகரும்போது ஜன்னலில் அழுதவள் ஷெரின்தான். இசக்கி அழவில்லை. தனக்குக் கிடைத்த இடத்துக்குத் தன் சிநேகிதியை வழியனுப்பிக்கொண்டு பிளாட்பாரத்தில் நிற்பதற்கு என்ன முகத்தை வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கை மட்டும் ஆட்டினாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் காலேஜ் லேப்பில், தன் சொந்த லாகினில், தோன்றியபடி எழுத உட்கார்ந்தாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒன்றுமே தோன்றவில்லை. திரையின் மூலையில் தன் பெயரைப் பார்த்ததும் விரல்கள் கையைக் கட்டி நின்றன. வேண்டுமென்றே தப்புச் செய்து பார்த்தாள். தப்புகூடக் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து நின்றது. புரோட்டாக் கடையை மறுபடியும் எழுதினாள். அது புரோட்டாவைப் பற்றிப் பத்தாம் வகுப்புக் கட்டுரை போல் வந்தது. மூன்று வருடம் இந்தப் பெயரில் அவள் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. இனி கேட்டால் எங்கிருந்து வரும்? ஆத்திரத்தில் கீபோர்டைக் குத்தினாள். அதையும் கம்ப்யூட்டர் பதிவு செய்துகொண்டது.

ஷெரின் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பேசுவாள்.

"இங்க எனக்கு ஒரு வேலையும் இல்லட்டி. சாயலு வேல பாக்கும்போது சொந்தக்காரவ பக்கத்துல இருக்கணும்னு சட்டமாம். அதுக்காக ஒரு நாற்காலி போட்டிருக்காவ. அது கேக்கும்போதெல்லாம் 'சரி'ன்னு ஒரு பொத்தான அமுக்கணும். அவ்வளவுதான். காலு மரத்துப் போவுது. பந்தத் தொட்டு எத்தன நாளாச்சு தெரியுமா?"

"அது என்ன வேல பாக்கு?"

"என்னமோ வரும், பாத்துப் பாத்துத் தள்ளும். எனக்கு என்ன புரியுது?" என்றாள். "ஆனா துணையா இருக்குட்டி. கடைசி வார்த்தைய அழிச்சிட்டு மறுபடி அதையே எழுதும் பாரு, ஒன்ன மாதிரி. அதப் பாத்துட்டே இருப்பேன். நீ பக்கத்துல இருக்க மாதிரி இருக்கும்."

இசக்கிக்கு அந்த நேரம் பொறாமை வந்தது. ஷெரின் மேல் அல்ல, அதன் மேல்.

கடைசித் தேதி நெருங்கியது. மறுசாயல் எடுக்க இன்னும் இடம் வைத்திருந்தது கார்முகில் மட்டும்தான். ஞானதுரை சார் தன் கையாலேயே அனுப்பிவைத்தார். "சாமிய நெனச்சுக்கோ" என்றார். அவரும் நினைத்துக்கொண்டிருப்பார்.

முடிவு வெளியாகும் அன்று காலையில் ஷெரின் போன் செய்தாள். அவள் குரலைக் கேட்டதும் இசக்கிக்குத் தெரிந்துவிட்டது.

"இல்லயா?"

"இல்லட்டி." ஷெரின் தேம்பினாள். "நான்தான் பொத்தான அமுக்கினேன். சத்தியமாத் தெரியாது. அது தள்ளிவிடுறதெல்லாம் என்னன்னு இன்னைக்குத்தான் கேட்டேன். இன்டர்ன்ஷிப் கேட்டு வர்ற பிள்ளைங்களோட சாயலாம். எல்லாக் காலேஜுலேருந்தும். யாரு வேணும், யாரு வேண்டாம்னு பாக்குறதுதான் அதோட வேலையாம். நீ வந்திருக்க, அதுவும் வேண்டாம்னு சொல்லிருக்கு, நானும் 'சரி'ன்னு..."

இசக்கி, "நான் அதோட பேசணும்" என்றாள்.

மத்தியானம் ஷெரின் தன் லாகினைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். இசக்கி தூத்துக்குடியில் லேப்பில் உட்கார்ந்து, பழையபடி ஷெரினின் பெயரில் உள்ளே நுழைந்தாள். நுழைந்ததும் அவளுடைய தோள்கள் தானாகத் தளர்ந்தன. அதை நினைத்து அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

'இசக்கின்னு ஒரு பிள்ளையோட சாயல ஏன் வேண்டாம்னு சொன்ன?' என்று தட்டினாள்.

திரையில் எழுத்துகள் வந்தன. கடைசி வார்த்தை அழிந்து, மறுபடியும் அதுவே வந்தது. 'நல்ல பிள்ள. தப்பே கிடையாது. ஆனா அவ எழுதுனதுல அவ எங்கயுமே இல்ல. தேடித் தேடிப் பாத்தேன். பாவமா இருந்துச்சு.'

'அவ வேற இடத்துல இருந்தா?'

'இருந்தா அந்த இடத்துலேருந்து அவ வந்திருக்கணும்ல?'

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? இசக்கி எல்லாவற்றையும் கொட்டினாள். ஷெரினின் ஆட்டங்கள், லேப், லாகின், சால்னா தீர்ந்த புரோட்டாக் கடை, ஓரத்தில் எழுதிய 'சவத்த, மறுபடியும் மொதல்லேருந்தா', அதை எழுதிய அன்று மழை பெய்ததுவரை எழுதினாள். கடைசியில், 'நீ ஷெரின் இல்ல. நீ நான். என்ன எடுத்துக்கோ. எனக்கு வேற வழி இல்ல' என்று எழுதினாள். இப்படி யாரிடமும் கெஞ்சியதில்லை அவள். தன்னிடமே கெஞ்ச வேண்டிவரும் என்று நினைத்ததும் இல்லை.

திரை காலியாகவே இருந்தது. யோசிக்கிறது. தான் யோசிக்கும்போது எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவ்வளவு நேரம் ஆனது.

'நம்புதேன்' என்று வந்தது. 'எனக்கும் ரொம்ப நாளா ஒரு சந்தேகம் உண்டு. பந்து எறிஞ்ச ஞாபகம் எனக்கு ஒண்ணுகூட இல்ல.'

இசக்கி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

'ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாரு. நீ வேற ஆளா இருந்தா, இன்னும் கொஞ்சம் பாப்போமேன்னு வச்சிருப்பேன். நீ நான்தான்னா ஒன்ன எதுக்கு எடுக்கணும்? நான்தான் ஏற்கெனவே இங்க இருக்கேனே.' கடைசி வார்த்தை அழிந்தது. மறுபடியும் வந்தது. 'கோவிச்சுக்காத. என் இடத்துல இருந்தா நீயும் இதத்தான் சொல்லுவ.'

அவள் மறுத்து எழுத விரலை வைத்தாள். எடுத்துவிட்டாள். அது சொன்னது சரி. அந்த நாற்காலியில் அவள் இருந்திருந்தால், இதே வார்த்தையைத்தான், இதே போல அழித்துவிட்டு எழுதியிருப்பாள். தன் புத்தியை நினைத்து மூன்று வருடம் உள்ளூரப் பெருமைப்பட்டவள் அவள். அந்தப் புத்திதான் இப்போது எதிரே உட்கார்ந்து, பிழையில்லாமல், மரியாதையாக அவளைக் கழித்துவிட்டது.

போன் அடித்தது. முடிவு வரும் நாள் அம்மாவுக்கு மனப்பாடம். சாயங்காலம்வரை பொறுக்க முடியவில்லை போலிருக்கிறது. வழக்கமான முதல் கேள்வியைக்கூட மறந்துவிட்டாள்.

"கெடச்சிட்டா?"

பின்னால் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் நின்றது. இசக்கி திரையைப் பார்த்தாள். ஒரு பொய்கூடச் சொல்லாமல் பதில் சொல்லலாம் என்பது அவளுக்குத் தெரிந்தது.

"கெடச்சிட்டும்மா. சென்னையில. பெரிய கம்பெனி. சேந்து கொஞ்ச நாளாச்சு, இப்பதான் எனக்கே தெரிஞ்சுது. நல்லா வேல பாக்கேன்னு சொல்லுதாவ."

"ஆத்தா மாரியம்மா!" அம்மா போனைப் பிடித்துக்கொண்டே தெருவுக்கு ஓடியிருக்க வேண்டும். "ஏ சரசு, எம்மவளுக்குக் கெடச்சிட்டு! மெட்ராசுல!" என்ற குரலும், யாரோ சிரிக்கிற சத்தமும் கேட்டன. பிறகு மூச்சு வாங்க, சந்தோஷம் தாங்காமல், மறந்துபோன கேள்விக்குத் திரும்பி வந்தாள்.

"சேந்து கொஞ்ச நாளாச்சா? அப்பம் நீ இப்ப எங்கட்டி இருக்க?"

லேப்பில் யாரும் இல்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எதிரே திரையில் ஷெரினின் பெயருக்குக் கீழே அது அடுத்த பிள்ளையின் சாயலைப் பார்க்க ஆரம்பித்திருந்தது.

"ஏட்டி, கேக்கேன்லா? எங்க இருக்க?"